கோடை இசை விழாவில் சுற்றுச்சூழல் பிரச்சார ஸ்டால்: 3×3 மீட்டரில் என்ன செய்யலாம்?

சாரல்:

வணக்கம். இங்கிலாந்தில் சாமர்செட் பக்கம் ஆகஸ்ட் மாதம் நடக்கும் ஓர் இசை விழாவில் எங்கள் மாணவர் குழுவுக்கு 3×3 மீட்டர் ஸ்டால் கொடுத்திருக்கிறார்கள். 12,000 பேர் வருவார்கள், நாலு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கும் விழா. இடம் பால் பண்ணை நிலம், ஓரத்தில் ஓடை. நாங்கள் எட்டுப் பேர், பட்ஜெட் 600 பவுண்டு, கரன்ட் இணைப்பு கிடையாது.

இப்போதைய திட்டம்: 3,000 நோட்டீஸ், நாடாளுமன்ற இணைய மனுவுக்கு கியூஆர் கோடு, பிளாஸ்டிக், விட்டுப்போகும் டென்ட், ஓடை மாசு, கார் பயணம் நாலையும் சொல்லும் ஒரு பேனர். இதில் எதை வைப்பது, எதை விடுவது? ஸ்டாலுக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும்? பலன் இருந்ததா என்று எப்படிக் கணக்கெடுப்பது? கிளாஸ்டன்பரி மாதிரி பெரிய விழாக்களில் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.

பாணன்:

நாலையும் ஒரே பேனரில் போட்டால் ஒன்றுகூட மனசில் நிற்காது. ஒவ்வொன்றையும் இப்படிச் சலித்துப் பாருங்கள்: எதிரில் நிற்பவர் அந்த நாலு நாளுக்குள், அந்த வயலுக்குள், தானாகச் செய்து முடிக்கக்கூடியதா? இல்லையென்றால் அதை ஸ்டாலுக்குக் கொண்டுவர வேண்டாம்.

கார் பயணம் இதில் முதலில் விழுந்துவிடும். பிரிட்டன் விழாக்களின் கார்பன் கணக்கில் மிகப் பெரிய பங்கு பார்வையாளர்கள் வந்துபோகும் பயணம்தான், அதனால் விட்டுவிட மனசு வராது. ஆனால் வண்டியைப் பார்க்கிங்கில் போட்டுவிட்டு வந்து நிற்பவரிடம் ரயிலைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது? அது டிக்கெட் விற்கும் நாளில் நடக்க வேண்டிய வேலை. கிளாஸ்டன்பரியில் பஸ் பயணத்தோடு சேர்ந்த டிக்கெட்டைப் பொது விற்பனைக்குச் சில நாள் முன்பே விற்கிறார்கள். டிக்கெட் கிடைப்பதே குதிரைக்கொம்பு என்பதால் கார் வைத்திருப்பவரும் பஸ் டிக்கெட்டுக்கு முண்டியடிக்கிறார். ரயிலில் வருபவர்களுக்குக் காஸில் கேரி ஸ்டேஷனிலிருந்து இலவச பஸ். இதையெல்லாம் நீங்கள் அமைப்பாளருக்கு ஜனவரியிலேயே கடிதமாக எழுதலாம், அடுத்த வருடத்துக்கு.

பிளாஸ்டிக் பாட்டிலும் அமைப்பாளர் கையில்தான். கிளாஸ்டன்பரியில் 2017-ல் 10 லட்சத்துக்கும் மேல் பாட்டில் விற்றது. 2018 நிலத்துக்கு ஓய்வு வருடம், விழா இல்லை. 2019-ல் விற்பனையையே நிறுத்தினார்கள். வெறும் தடை போட்டிருந்தால் கலாட்டாவாகியிருக்கும். நூற்றுக்கணக்கான குடிநீர்க் குழாய்களும் வாட்டர்எய்ட் என்ற குடிநீர்த் தொண்டு நிறுவனத்தின் ஆட்கள் நின்று ஊற்றிக்கொடுக்கும் கவுன்டர்களும் இருந்ததால் நடந்தது. இயற்கை ஆவணப்படங்களின் டேவிட் அட்டன்பரோ பிரமிட் என்ற முக்கிய மேடையேறி நன்றி சொன்னது அந்த வருடம்தான்.

அங்கே பிரச்சாரம் நேற்று முளைத்ததல்ல. 1981-ல் விழாவே சிஎன்டி என்ற அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்துக்கு நிதி திரட்ட நடந்தது. அப்போது கட்டிய பிரமிட் மேடை மற்ற நாட்களில் மாட்டுக் கொட்டகையாக இருந்தது. பிறகு கிரீன்பீஸ், ஆக்ஸ்ஃபாம், வாட்டர்எய்ட் ஆகிய அமைப்புகள் வந்தன. இவற்றில் ஆக்ஸ்ஃபாம் வாசலில் ஆள் நிறுத்துகிறது, வாட்டர்எய்ட் தண்ணீரும் கழிப்பறையும் பார்க்கிறது. அதாவது விழாவுக்குத் தேவையான ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். நின்று கேட்க ஆள் வருவது அதனால்தான்.

உங்களுக்கு மிஞ்சுவது டென்ட்டும் ஓடையும். டென்ட்டை முதன்மையாக எடுங்கள். உடைந்த டென்ட்டைச் சரிசெய்து தரும் மேசை போட்டால் அதுவே உங்கள் பிரச்சாரம். 3,000 நோட்டீஸ் அடிக்காதீர்கள். மழை பெய்தால் அத்தனையும் சேற்றில் ஒட்டிக் கிடக்கும், பொறுக்கப்போவதும் நீங்கள்தான். பல விழாக்களில் நோட்டீஸுக்கு அனுமதியும் இல்லை, ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

கொக்கி:

மனு விஷயம் யாரும் சொல்லவில்லை, அது முக்கியம். பிரிட்டன் நாடாளுமன்ற இணைய மனுவில் பெயரும் மின்னஞ்சலும் போட்டால் மட்டும் கையெழுத்து ஆகாது. மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பை அவர் திறந்து அழுத்தினால்தான் எண்ணிக்கையில் சேரும். வயலில் 12,000 போன் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும்போது கியூஆர் பக்கம் திறப்பதே பெரும்பாடு. வீட்டுக்குப் போனதும் அழுத்துகிறேன் என்பவர் அழுத்தமாட்டார். 10,000 வந்தால் அரசு பதில், 1,00,000 வந்தால் விவாதத்துக்குப் பரிசீலனை, ஆறு மாதம்தான் அவகாசம். அதைத் தொட ஒரு ஸ்டால் போதாது.

ஓடை உள்ளூர்ப் பிரச்சினை. அதற்குப் பழைய காகித மனுதான் சரி. பெயர், முகவரி, கையெழுத்தோடு தொகுதி எம்பி வழியாக அவையில் சமர்ப்பிக்கலாம். வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு, அச்சடிக்கும் முன் எம்பி அலுவலகத்தில் காட்டிவிடுங்கள். பால்பாயின்ட் பேனா ஈரத்தாளில் எழுதாது, பென்சில் எழுதும். ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு பென்சில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள்.

உங்கள் குழுவின் மின்னஞ்சல் பட்டியலுக்கு ஆள் சேர்ப்பதாக இருந்தால் அது தனித் தாள். ஒரே தாளில் இருபது பேர் வரிசையாக எழுதினால் முன்னால் எழுதியவரின் மின்னஞ்சல் பின்னால் வருபவர் கண்ணில் படும், தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அது வம்பு. ஆளுக்கொரு சீட்டு, கீழே அவரே டிக் போடும் ஒரு கட்டம், பூட்டுள்ள பெட்டி. முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் செல்லாது. போனில்தான் வாங்குவோம் என்றால் கோபோ அல்லது ஓடிகே மாதிரி இணையம் இல்லாமலே சேமித்துப் பிறகு ஏற்றும் செயலியை வையுங்கள். படிவத்தை வீட்டிலேயே இறக்கி, போனை ஏரோபிளேன் மோடில் போட்டுச் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இனி சாமான். சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் பந்தலை வாங்காதீர்கள். துணி தீப்பிடிக்காது என்பதற்கான சான்றிதழை, பெரும்பாலும் பிஎஸ் 7837 என்ற பிரிட்டன் தரத்துக்கு, அமைப்பாளர் கேட்பார். இல்லையென்றால் வாசலோடு திருப்பி அனுப்புவார். சான்றிதழோடு வாடகைக்கு எடுங்கள். பொதுப் பொறுப்புக் காப்பீடு 50 லட்சம் பவுண்டுக்குக் கேட்பது வழக்கம், உங்கள் மாணவர் சங்கத்தின் பாலிசி கல்லூரிக்கு வெளியேயும் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பந்தலோடு வரும் மெல்லிய முளை எதையும் பிடிக்காது. ஒவ்வொரு காலுக்கும் 20 கிலோ எடை வேண்டும். அதைச் சுமக்க வேண்டாம்: 20 லிட்டர் தண்ணீர்க் கேன் நாலு காலியாகக் கொண்டுபோய் அங்கே நிரப்பிக் காலோடு இறுக்கிக் கட்டுங்கள். பந்தலைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பக்கத் துணிதான், பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். காற்று மணிக்கு 35 கி.மீ. தாண்டினாலே பக்கத் துணியைக் கழற்றி, கால்களை ஒரு படி இறக்குங்கள்.

மின்சாரம்: 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-அவர்) ஏஜிஎம் பேட்டரி, அதாவது கசியாத ஈய-அமில பேட்டரி, ஒன்று போதும். பாதிவரைதான் இறக்கலாம் என்பதால் கையில் 600 வாட்-அவர். 10 வாட் எல்இடி ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் என்றால் நாலு ராத்திரிக்கு 200. மீதி உங்கள் போன்களுக்கு. "இங்கே இலவச சார்ஜிங்" என்று மட்டும் போர்டு வைக்காதீர்கள், போனுக்கு 15 வைத்தாலும் முப்பது போனுக்கு 450 போய்விடும், அன்றே பேட்டரி படுத்துவிடும். இன்வெர்ட்டர் வேண்டாம், 12 வோல்ட்டிலிருந்து நேராக யுஎஸ்பி எடுங்கள்.

வாசல் திறந்ததும் வயலுக்குள் வண்டி விடமாட்டார்கள். எல்லாச் சாமானும் முந்தின நாளே உள்ளே போய்விட வேண்டும். உங்கள் ஸ்டாலுடைய முதுகு மேடைப் பக்கம் இருக்கட்டும். முகம் மேடையைப் பார்த்தால் மாலையில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது.

வன்னிக்காற்று:

பாணன் சொன்ன திருத்துற மேசை நல்ல யோசனை. நான் கூடாரம் பற்றி மட்டும் சொல்லுறன்.

முதல் உடைக்க வேண்டிய நம்பிக்கை: "விட்டிட்டுப் போனால் யாராவது தொண்டு நிறுவனம் எடுத்து அகதிகளுக்குக் குடுக்கும்." கனக்கச் சனம் உண்மையாவே இதை நம்பித்தான் விட்டிட்டுப் போகுது. திங்கள் காலமை வயலில கிடக்கிறது ஈரமான, தடி முறிஞ்ச, உள்ளுக்குப் பியர் கொட்டின கூடாரங்கள். ஒண்டை அவிழ்த்து, காயவைச்சு, எல்லாத் துண்டும் இருக்கோ எண்டு பார்த்து மடிக்கிறதுக்கு ஆள் காணாது. ஈரத்தோட சுருட்டினால் கொஞ்ச நாளில பூஞ்சணம் பிடிச்சிடும். மீள்சுழற்சியும் சரிவராது: துணி பொலியெஸ்டர், அதுக்கு மேல பொலியூரித்தேன் பூச்சு, தடி கண்ணாடி நார், முளை இரும்பு, எல்லாம் சேர்த்துத் தைச்சிருக்கு. பிறகு எரிக்கிறது அல்லது புதைக்கிறதுதான்.

2019-ல பிரிட்டன் சுயாதீன விழாக்களின்ர சங்கம் இதுக்கெண்டு ஒரு பிரச்சாரம் செய்தது. வருசத்துக்கு 2,50,000 கூடாரம் வயல்களில விடுபடுகுது எண்டது அவையின்ர மதிப்பீடு. ஒரு கூடாரத்தில 8,750 ஸ்ட்ரோவுக்குச் சமமான பிளாஸ்ரிக் இருக்கெண்டும் சொல்லிச்சினம். அந்த ஒப்பீடு பேனரில நல்லா வேலை செய்யும். அதே வருசம் கிளாஸ்டன்பரி 99.3 வீதமான கூடாரங்களைச் சனம் திருப்பிக் கொண்டு போயிட்டுது எண்டு அறிவிச்சது. ஆகவே ஏலாத காரியம் இல்லை. இந்த 99.3 எண்ட எண்ணைத்தான் பெரிசாப் போடுங்கோ. "எல்லாரும் விட்டிட்டுப் போகினம்" எண்டு எழுதினால், அப்ப நானும் விடலாம் எண்டுதான் சனத்துக்கு விளங்கும்.

ஏன் விடுகினம் எண்டு பார்த்தால் மூண்டு காரணம் திரும்பத் திரும்ப வரும். தடி முறிஞ்சது. எறிஞ்சால் தானா விரியிற கூடாரத்தை மடிக்கத் தெரியாது. கார் வரைக்கும் தூக்க ஏலாது.

தடி: கண்ணாடி நார்த் தடி நடுவில முறியிறது குறைவு, இரும்புக் குழாய் ஒட்டியிருக்கிற முனைதான் நீளவாட்டில பிளக்கும். ஒரு 15 செ.மீ. அலுமினியக் குழாய் வெட்டி, பிளந்த இடம் நடுவில வரும்படியாச் செருகி, இரண்டு பக்கமும் காஃபர் ரேப் எண்ட தடிச்ச துணி ஒட்டுநாடா சுத்தினால் வீடு போய்ச் சேரும். மலிவுக் கூடாரங்களில அதிகம் வாறது 7.9, 8.5 மி.மீ. தடி, பெரிய கூடாரத்துக்கு 9.5, 11. குழாயின்ர உள்விட்டம் அதைவிட அரையில இருந்து ஒரு மில்லிமீற்றர் கூட இருக்கோணும். 9 மி.மீ. உள்விட்டத்தில இருபது, பெரிசில பத்து கொண்டு போங்கோ. உள்ளுக்க ஓடுற இழுவை நாடா அறுந்திருந்தால் 3 மி.மீ. இலாஸ்ரிக் கயிறு, நுழைக்கிறதுக்கு மெல்லிய கம்பி. 20 மீற்றர் போதும். முறிஞ்ச நாரை வெறுங்கையால தொடாதேங்கோ, கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு ஏறும். தோல் கையுறை இரண்டு சோடி, அரியும்போது முகக்கவசம்.

தானா விரியிற கூடாரம்: ஞாயிறு பின்னேரம் மேசைக்கு முன்னால ஒண்டை வைச்சு மடிச்சுக் காட்டுங்கோ. எல்லா வளையத்தையும் ஒண்டாச் சேர்த்துத் தட்டையாக்கி, விளிம்பில நிமிர்த்தி நிறுத்தி, மேல் முனையை நிலத்தை நோக்கி அமத்திக்கொண்டே உள்ளுக்குத் திருப்பினால் வளையம் இரண்டு மூண்டாச் சுருண்டு ஒண்டின்மேல் ஒண்டு விழும். திருப்பாமல் அமத்தினால்தான் துள்ளி முகத்தில அடிக்கும். கதவுச் சிப்பைத் திறந்து வைச்சு மடிக்கோணும், இல்லாட்டி காத்து உள்ளுக்க நிண்டு பைக்குள்ள போகாது. கொம்பனிக்குக் கொம்பனி வளையம் வேற, ஆனபடியால் இரண்டு மூண்டு வகையில வீட்டில பழகிக்கொண்டு போங்கோ.

தூக்க ஏலாதவைக்கு: இரண்டு தோட்ட வண்டில், அகலச் சில்லு உள்ளது. சிறு சில்லு சேத்தில புதையும். திங்கள் காலமை ஆறு மணியில இருந்து கார் நிறுத்துமிடம் வரைக்கும் ஓட்டுங்கோ. உங்கட எட்டுப் பேரில நாலு பேருக்கு அது மட்டும்தான் வேலை.

பண்ணை நிலம் எண்டபடியால் முளையையும் மறக்காதேங்கோ. மாடு புல்லோட வாறதை மென்று பார்த்து விழுங்காது. இரும்புத் துண்டு இரைப்பையின்ர இரண்டாம் அறையில தங்கி, அங்கயிருந்து குத்திக்கொண்டு இதயத்தைச் சுத்தியிருக்கிற சவ்வு வரைக்கும் போகும். விழா முடிய உழவு இயந்திரத்தில காந்தம் கட்டி இழுக்கிறது அதுக்குத்தான். அலுமினிய முளை காந்தத்தில ஒட்டாது, அதைக் கண்ணால பார்த்துத்தான் பொறுக்கோணும். பியர்க் கானும் அப்பிடித்தான், புல்லு வெட்டுற இயந்திரத்துக்குள்ள போனால் சவரத் தகடு மாதிரித் துண்டுகளாத் தீவனத்தில கலக்கும். பண்ணைக்காரரை ஒருக்கா ஸ்டாலுக்குக் கூப்பிட்டு இதைச் சொல்லச் சொல்லுங்கோ. நீங்கள் பத்துத் தரம் சொல்லுறதைவிட அவர் ஒருக்காச் சொல்லுறது ஏறும்.

சாரல்:

எல்லோருக்கும் நன்றி. நோட்டீஸும் இணைய மனுவும் ரத்து. டென்ட் மேசை, அதோடு ஓடைக்குக் காகித மனு. ஓடை பற்றி என்ன சொல்வது என்று இன்னும் தெளிவில்லை, "வேலியோரம் சிறுநீர் கழிக்காதீர்" என்று எழுதினால் எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்களே? இன்னொன்று, அமைப்பாளர் டெபாசிட் கப் (முன்பணம் கட்டி வாங்கி, திருப்பிக் கொடுத்தால் பணம் கிடைக்கும் கப்) கொண்டுவரப் போகிறாராம், எங்களிடம் யோசனை கேட்கிறார்.

நீரோட்டம்:

சிரிக்கட்டும், சிரித்தால் நிற்பார்கள். நின்றவுடன் கணக்கைச் சொல்லுங்கள். ஒருவரின் ஒரு நாள் சிறுநீரில் சராசரி 11 கிராம் நைட்ரஜன். 12,000 பேருக்கு 132 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு வேலியோரம் போனாலும் ஒரு நாளைக்கு 13 கிலோ. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் யூரியாவை அம்மோனியாவாக்கும், மழை வந்தால் ஓடைக்குப் போகும். மீனைக் கொல்வது அம்மோனியா. தண்ணீர் சூடாக இருந்து காரத்தன்மையும் ஏறினால் அதன் நச்சு வடிவம் கூடும், ஆகஸ்டில் ஓடையில் தண்ணீரும் குறைவு. அதனால் ஒரே அளவு சிறுநீர் மே மாதத்தைவிட ஆகஸ்டில் அதிகம் கெடுக்கும்.

கிளாஸ்டன்பரியை ஒட்டி ஓடுவது வைட்லேக் ஆறு. 2014 விழாவில் கழிவுத் தொட்டி கசிந்து சுமார் 4 கி.மீ. வரை பாதித்தது, செத்த மீன் 42, அதில் 39 டிரவுட். சுற்றுச்சூழல் முகமை வழக்குப் போட்டு, 2016-ல் அபராதமும் வழக்குச் செலவுமாக விழா நிறுவனம் 31,000 பவுண்டு கட்டியது. 2019 விழாவின்போது பேங்கர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே ஆற்றின் ஓட்டத்தில் விழா நிலத்துக்கு மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் நீர் எடுத்துப் பார்த்தார்கள். விழா முடிந்த வாரத்தில் கீழ்ப்பக்கம் எம்டிஎம்ஏ என்ற போதைப்பொருள் நாலு மடங்காகியிருந்தது. கொக்கெய்ன் அளவு, அழிவின் விளிம்பில் இருக்கும் ஐரோப்பிய விலாங்கு மீனைப் பாதிக்கும் அளவில் இருந்தது. பேனரில் இந்த விலாங்குப் படத்தைப் போடுங்கள், போதைப்பொருள் உபதேசம் வேண்டாம். போலீஸ் வாசனை அடித்தால் ஒருவரும் பக்கத்தில் வரமாட்டார்.

ஆனால் சொல்லிமட்டும் நிற்காது. ஆண்கள் வேலிக்குப் போவது கழிப்பறை தூரம் என்பதால், பெண்கள் போவது வரிசை நீளம் என்பதால். அமைப்பாளரிடம் இரண்டு கேளுங்கள்: ஓடைக்கரை வேலிக்கு 10 மீட்டர் முன்னாலேயே இரண்டாவது வேலி; மேடையிலிருந்து டென்ட் பக்கம் போகும் வழியில் வெளிச்சத்தோடு சிறுநீர் கழிப்பிடம், பெண்களுக்கானதும் சேர்த்து. விளக்கில்லாத கழிப்பறைக்கு ராத்திரி யாரும் போகமாட்டார்கள்.

உங்கள் ஸ்டாலில் அம்மோனியா சோதனைக் கிட் ஒன்று வையுங்கள், மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும். துளி மருந்து ஊற்றிக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் மஞ்சள் நீர் பச்சையாகும். தினமும் காலை ஒரே நேரத்தில் ஓடை விழா நிலத்தைத் தொடும் முன் ஒரு மாதிரி (மேல்மாதிரி), தாண்டிய பின் ஒரு மாதிரி (கீழ்மாதிரி) எடுத்து, இரண்டு குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தித் தேதி எழுதி வையுங்கள். மேல்மாதிரி இல்லாமல் கீழ்மாதிரியை மட்டும் காட்டினால் "பக்கத்துப் பண்ணைச் சாணிதான்" என்பார்கள், அதுவும் நியாயமான கேள்வியே. இது கடை கிட், வண்ணம் பார்த்துச் சொல்வது. காட்சிக்குச் சரி, மனுவில் ஆதாரமாக எழுதாதீர்கள்.

கொக்கி:

கப் விஷயம்: விழாப் பெயரும் வருடமும் அச்சடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அச்சடித்தால் நினைவுப்பொருள் என்று வீட்டுக்கு எடுத்துப்போவார்கள், திரும்பி வராத கப் வெறும் தடித்த பிளாஸ்டிக். வெற்றுக் கப், அடுத்த வருடமும் ஓடும். டெபாசிட்டை எந்த பாரிலும் திருப்பித் தர வேண்டும், ஞாயிறு ராத்திரி கடைசிப் பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது கவுன்டர் திறந்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

பாணன்:

கணக்கெடுப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எத்தனை பேரிடம் பேசினோம் என்பதை எண்ணாதீர்கள். டென்ட் வயலில் இரண்டு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், தலா 200 டென்ட் அளவில், கார் நிறுத்துமிடத்திலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில். ஒன்றில் சனிக்கிழமையும் ஞாயிறும் டென்ட் டென்டாகப் போய்ப் பழுது கேளுங்கள், வண்டி வரும் நேரத்தைச் சொல்லுங்கள். மற்றதில் ஒன்றும் செய்யாதீர்கள். ஞாயிறு மதியம் இரண்டையும் எண்ணுங்கள், திங்கள் வயல் மூடும் நேரத்தில் மறுபடி எண்ணுங்கள். எண்ணும் ஆள் இரண்டு தடவையும் ஒரே ஆளாக இருக்கட்டும், பந்தலையும் உடைந்து கிடக்கும் நாற்காலியையும் டென்ட் கணக்கில் சேர்ப்பதா என்று முன்பே முடிவெடுங்கள். குடும்பத்தோடு வருபவர்களுக்கான பகுதியை எடுக்காதீர்கள், அவர்கள் எப்படியும் எடுத்துப்போகிறவர்கள்.

திருத்திய டென்ட்டுக்குத் தனிப் புத்தகம்: என்ன பழுது, எந்த அளவுத் தடி, எத்தனை நிமிடம். அடுத்த வருடம் எந்தக் குழாயை எத்தனை வாங்குவது என்பது அதிலிருந்துதான் தெரியும். எண்ணிக்கையை அமைப்பாளரிடம் செவ்வாய்க்கிழமையே கொடுத்துவிடுங்கள், குப்பை ஒப்பந்தக்காரரின் பில் வரும் நேரம் அதுதான்.